தருமன் பெரியப்பாவின் குடலில் குடியிருந்தவர்கள்

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில், தருமன் பெரியப்பா வேலூர் பஸ் ஏறினார். ஜன்னலோரம் பெரியம்மா மணியம்மாள், நடுவில் அவர், இந்தப் பக்கம் நான். "ஊர் ஊரா சுத்திட்டு வந்தவ, வேலூருக்கு வர மாட்டியா?" என்று பெரியம்மா கேட்டதால் கூடப் போனேன். பெரியப்பாவின் வயிற்றுக்காகப் போளூரில் ஒரு தடவை, கண்ணமங்கலத்தில் ஒரு தடவை பஸ் காத்திருந்தது. இரண்டாம் தடவை கண்டக்டர் கையெடுத்தே கும்பிட்டார்.

பெரியப்பா அடி அண்ணாமலையில் கடலை பயிரிடுகிறவர். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் உள்ள அன்னதானப் பந்தல் ஒவ்வொன்றிலும் ஒரு கை வாங்கித் தின்று ருசி சொல்வது, அவராகவே எடுத்துக்கொண்ட உத்தியோகம். யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் முகம் சுளித்தால் சமையல்காரர் அண்டாவைத் திறந்து பார்ப்பார்.

நுரையீரலில் புற்றுக்கட்டி வந்தபின்னும் உத்தியோகத்தை விடவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி ஊசி. நான்கு ஊசி போட்டும் கட்டி கொஞ்சம் வளர்ந்துதான் இருந்தது. அடுத்த ஸ்கேனிலும் வளர்ந்திருந்தால் ஊசியை நிறுத்த வேண்டியதுதான் என்றார் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் சைலஜா. அதற்கு மேல் தன் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

"நடுவுல வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"எதுவும் இல்லீங்க," என்றார் பெரியப்பா.

பெரியம்மா கைப்பையை மேசைமேல் கவிழ்த்தார். காலி மாத்திரை அட்டைகள் கொட்டின. "பௌர்ணமி முடிஞ்சா வயித்தால போகும்மா. மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்குவாரு. மாசாமாசம்."

"எதுக்குடி இதெல்லாம் சேத்து வெச்ச?"

"உங்கள மாட்டி விடத்தான்."

டாக்டர் அட்டைகளை எண்ணாமலே ஒதுக்கினார். "இந்த ஊசி நேரா கட்டியை அடிக்காதுங்க. உங்க உடம்புல இருக்கிற காவல்காரங்கள அவுத்து விடுது, அவ்ளோதான். சில கட்டி அவங்க கண்ணுல படாம ஒளிஞ்சுக்கும். சிலதுக்குள்ள அவங்களால நுழையவே முடியாது. குடல்ல இருக்கிற நல்ல கிருமிங்க அவங்களுக்குத் தெம்பு குடுக்குதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. நீங்க மாசாமாசம் அதுங்களத்தான் கொன்னுட்டு இருக்கீங்க. இதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா எங்களக் கேக்காம மாத்திரை வேணாம்."

பெரியப்பா முகம் செத்துவிட்டது. "எனக்குள்ள குடியிருந்த ஜனங்களா? அதுங்க என்னங்க சாப்பிடும்?"

"கீரை, காய், பயறு."

"புளியோதரை?"

டாக்டர் அடுத்த ஊசிக்குத் தேதி எழுதினார்.

அடுத்த பௌர்ணமியன்று பெரியப்பா அவித்த பயறு டப்பாவோடு நடந்தார். புளியோதரைப் பந்தல் போட்டிருந்த இளவரசன் தொன்னையை நீட்டிக்கொண்டு பாதி ரோடு வரை ஓடிவந்தார்.

"அண்ணே, வாயில வெக்காம போனா ஜனங்க என்ன நெனைப்பாங்க?"

"நான் ஒண்டி ஆளு இல்லப்பா. உள்ள கோடிக்கணக்குல இருக்காங்க. அவங்க வேணாங்கறாங்க."

இளவரசன் மிரண்டுபோய் என்னிடம் கேட்டார். "சாமி வந்திருக்கா?"

"இல்லண்ணா, டாக்டர் சொன்னது."

"ஐயோ, அப்ப மலையேற மாட்டாரு."

பெரியப்பா மூக்கை மட்டும் நீட்டி மோந்து பார்த்தார். "உப்பு ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். நான் தின்று பார்த்தேன். ஜாஸ்திதான்.

ஆனியில் நான் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பினேன். ஆவணிக் கடைசியில், மேகாலயாவில் ஒரு மலைச்சரிவில் சிக்னல் கிடைத்தபோது, பெரியம்மாவின் குரல் பதிவு வந்து விழுந்தது.

"கவியா, ஸ்கேன் எடுத்தாச்சு. கட்டி வளரலையாம். சுருங்கவும் இல்லையாம். எதனாலன்னு டாக்டருக்கே தெரியல. ஆனா ஊசியை நிறுத்தல. உன் பெரியப்பா டாக்டரக் கும்பிட்டுட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பெஞ்சுல உக்காந்து அழுதாரு. நானும் கூட உக்காந்து அழுதேன். அழுததுல ரெண்டு பஸ்ஸ விட்டுட்டோம்."