விட்டுப்போன பதினோரு பக்கங்கள்

அவுனே ஹிர்வெலா பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல்காரி. சனிக்கிழமை காலைகளில் எங்கள் நூலகத்தின் அடித்தளத்துக்கு வந்து, பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகம் வாசிப்பார். அதை ஒலிநாடாவில் பதிவு செய்வது என் வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கிறீச்சிடக் கூடாதென்று காலணிகளைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு உட்காருவார். காய்கறிப் பட்டியலைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாத குரல். கேட்பவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. வாசிக்க வரும் வேறு சிலர் அழுகையைத் தாங்களே அழுதுவிடுவார்கள். அவுனே அதைக் கேட்பவர்களுக்கு விட்டுவிடுவார்.

1974 பிப்ரவரியில் ஒரு நாவல் வந்தது. வடக்கே ஒரு சின்ன விவசாயி. குதிரை சாகிறது, உருளைக்கிழங்கு பனியில் கருகுகிறது, மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். பத்தாம் அத்தியாயத்தில் அவன் உறைந்த ஏரியின்மேல் நடந்து போகிறான், திரும்புவதில்லை.

"இருக்கிற இருட்டு பத்தாதுன்னு இதை வேற அவங்களுக்கு அனுப்பணுமா, வெய்யோ?" என்று என்னைக் கேட்டார் அவுனே.

"அவங்களே கேட்டு எழுதறதுதான். சோகக் கதைன்னா வரிசையில நிக்கறாங்க. சிரிப்புக் கதை எல்லாம் அலமாரியில தூங்குது."

"அவங்க கேப்பாங்க. நாம குடுக்கணுமா?"

ஆனாலும் வாசித்தார். மூன்று சனிக்கிழமை போயிற்று. நான்காவதில் ஒன்பதாம் அத்தியாயத்தை முடித்தார். பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார். பிறகு பதினோரு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, பாதிரியாரின் பிரசங்கத்திலிருந்து தொடங்கினார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விரல் பொத்தானின்மேல் இருந்தது. நிறுத்தவில்லை.

ஏன் என்றால், அவர் கணவர் ஆர்மாஸ் எப்படிப் போனார் என்பது எங்கள் ஊரான கயானியில் எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடம் முன்பு, மார்ச் மாதம், மீன் பிடிக்கப் போன இடத்தில் பனிக்கட்டி உடைந்துவிட்டது என்று பேச்சு. மார்ச்சில் எங்கள் ஏரிப் பனிமேல் லாரி ஓடும். ஆற்று நீர் வந்து விழும் ஒரே ஒரு இடம்தான் மெல்லிசாக இருக்கும். அவர் விழுந்தது அங்கேதான். அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. பனியில் துளைபோடும் இரும்பும் அவர் கொட்டகையிலேயே கிடந்தது. இருந்தும் போலீஸ்காரர் 'விபத்து' என்று எழுதினார், பாதிரியார் விபத்து என்று பிரசங்கம் செய்தார், நாங்கள் தலையாட்டினோம். அவர்களுக்கு சைலா என்று அப்போது பதினொரு வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. எழுபது கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் இருக்கும் ஒரு வீட்டிலிருந்து, தாவெத்தி ரௌத்தியோலா என்பவர் தன் தங்கையிடம் சொல்லி எழுதியது. நான் உரக்கப் படித்தேன்.

"ஒம்போதாம் அத்தியாயத்துல அந்த ஆளு பூட்ஸுக்கு மெழுகு போட்டுட்டு இருக்கான். அடுத்ததுல பாதிரியார் அவனுக்கு மண்ணு போடறாரு. நடுவுல என்ன ஆச்சு? நாடா அறுந்துதா, இல்ல வாசிச்ச அம்மாவுக்குத் தூக்கம் வந்துடுச்சா?"

"எலி கடிச்சுடுச்சுன்னு எழுதிடு," என்றார் அவுனே.

நான் எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கைப்பையில் அந்தப் புத்தகம் இருந்தது. "உன் வண்டி அவ்வளவு தூரம் ஓடுமா?" என்று கேட்டார்.

தாவெத்திக்கு அறுபது வயது இருக்கும். சாலை போடப் பாறைக்கு வெடி வைக்கும்போது இரண்டு கண்ணும் போனவர். தங்கை ஹில்யா காபி ஊற்றி, கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

"நீதான் அந்தக் குரலா?" என்றார் தாவெத்தி. "கொஞ்சம் குண்டா இருப்பேன்னு நெனச்சேன்."

"குண்டாத்தான் இருக்கேன்."

"அப்ப சரி. சொல்லு, ஏன் மறைச்சே?"

"நாடாவுல ஏதோ…"

"நாடா அறுந்தா சத்தம் வேற மாதிரி இருக்கும்மா. நீ மூச்சு இழுத்தே, பெருசா. அடுத்த நொடி பாதிரியார் வந்துட்டாரு. எனக்குக் கண்ணுதான் இல்ல."

அவுனே கோப்பையைத் தட்டில் வைத்தார். "கேக்கறவங்க மனசு கஷ்டப்பட வேண்டாம்னு பாத்தேன்."

"என் மனசா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பூட்ஸுக்கு மெழுகு போட்டவன் ஏரிக்குத்தான் போயிருப்பான்னு அப்பவே புரிஞ்சுடுச்சு. கண்ணு போன ரெண்டாவது குளிர்காலத்துல நானும் அதே மாதிரிதான் கெளம்பினேன். ஏரிக்குப் போறேன்னு நடக்கறேன், நடக்கறேன், திசை தெரிஞ்சாத்தானே? சுத்திச் சுத்தி வந்து எங்க மாட்டுக்கொட்டகைச் செவத்துலயே முட்டிக்கிட்டேன்."

அடுப்பருகே கரண்டிச் சத்தம் நின்றது.

"மாட்டைப் பாக்கப் போனேன்னு சொன்னே அன்னிக்கு," என்றாள் ஹில்யா.

"சொன்னேன்."

அவள் திரும்பவில்லை. நாங்கள் கிளம்பும்வரை அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

தாவெத்தி குரலைத் தணித்துக்கொண்டார். "இருவத்தஞ்சு வருஷமா இதை யாருகிட்டயும் பேசல. இன்னொருத்தன் அப்படிப் போனா, போற வழியில என்ன நெனச்சுட்டுப் போவான்? அது எனக்குத் தெரியணும். ஒருத்தன் உக்காந்து எழுதி வச்சிருக்கான். அதைப் போயி நீ எடுத்துட்டியேம்மா."

அவுனே புத்தகத்தை வெளியே எடுத்தார். அதே தட்டைக் குரலில் வாசிக்கத் தொடங்கினார். அந்த விவசாயி பெரிதாக எதையும் நினைக்கவில்லை. தொழுவத்துக் கதவைத் தாழ்போட்டோமா என்று யோசிக்கிறான். பாதி ஏரி தாண்டியும் அதையே யோசிக்கிறான். அந்த இடத்தில் அவுனே நிறுத்தினார்.

"ஆர்மாஸ் கைக்கடிகாரத்தைக் கழட்டி, சாவி குடுத்து, மேசை மேல வச்சுட்டுப் போனாரு," என்றார் பக்கத்தைப் பார்த்தபடியே.

ஆர்மாஸ் யார் என்று தாவெத்தி கேட்கவில்லை. "மிச்சத்தைப் படி," என்றார்.

திரும்பும்போது அவுனே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஊர் எல்லையில், "சைலாகிட்ட சொல்லணும்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை விட்டுப்போன அத்தியாயத்தைப் பதிவு செய்ய வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகாமல் என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"அழல. உங்களுக்கெல்லாம் தெரியுமான்னு கேட்டா. தெரியும்னேன். அப்புறம் சொல்றா, அன்னிக்குக் காலையில அவர் கோட்டு மாட்டறப்ப அவதான் கேட்டாளாம், ஞாயித்துக்கெழமைக்கு மீன் வறுவல் வேணும்னு. தான் கேட்டதாலதான் அப்பா ஏரிக்குப் போனாரு, தான்தான் கொன்னுட்டோம்னு ஆறு வருஷமா…"

அவர் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார்.

"அன்னியிலேர்ந்து அவ மீனைத் தொடறதில்ல, வெய்யோ. கொழுப்புன்னு நெனச்சேன். ஊருப் பசங்களுக்கெல்லாம் ஆக்கிப் போடறவ நான், என் பொண்ணே தட்டை ஒதுக்கறாளேன்னு. திங்காம எழுந்திரிக்கக் கூடாதுன்னு அதட்டி உக்கார வச்சிருக்கேன். ஒரு மணி நேரமெல்லாம் உக்காந்திருப்பா, தட்டைப் பாத்துக்கிட்டே."

நாடாவை மாட்டினேன். அவர் எழுந்து உள்ளே போய், காலணிகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பதினோரு பக்கங்களையும் ஒரே மூச்சில் படித்தார். குரல் எங்கும் உடையவில்லை. நான்தான் ஒருமுறை ஒலி அளவு காட்டும் முள்ளைக் கவனிக்கத் தவறினேன்.

ஆகஸ்டில் சைலா ஸ்வீடனுக்குப் போய்விட்டாள். அப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கே தொழிற்சாலைகளில்தான் இருந்தார்கள், யாருக்கும் ஆச்சரியமில்லை. போகுமுன் அவள் சொன்னது ஒன்றுதான்: "ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாமே." கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் வரும். மழை, வேலை நேரம், பிறகு ஒரு பையன் பிறந்து அவனுக்குப் பல் முளைத்தது. கடைசியில் 'சைலா' என்று மட்டும் இருக்கும்.

தாவெத்தி நாடா கிடைத்ததும் தங்கையிடம் சொல்லி எழுதினார்: ஏரி நடுவில் சற்று வேகமாகப் படித்துவிட்டாய், மற்றபடி பரவாயில்லை. ஐந்து வருடம் கழித்து நுரையீரலில் சளி கட்டி இறந்தார்.

அவுனே இன்னும் பன்னிரண்டு வருடம் வாசித்தார். எதையும் விடவில்லை. சைலாவிடம் சொன்னது சரிதானா என்று ஒருமுறை அவர் வீட்டுச் சமையலறையில் கேட்டுவிட்டேன். கேரட் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லாம இருந்தா இங்கயே இருந்திருப்பா," என்றார். "கொன்னவளாவே இருந்திருப்பா."

1983 கோடையில் சைலா மகனோடு ஒரு வாரம் வந்தாள். பையனுக்கு எங்கள் மொழி தெரியவில்லை. அம்மாவும் மகளும் ஜன்னல்களைக் கழுவினார்கள், படிக்கட்டுக்கு வண்ணம் அடித்தார்கள், அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ரயில் நிலையத்துக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். ஏறுமுன் சைலா அம்மாவுக்குக் கை கொடுத்தாள், சும்மா முகம் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல. அவுனே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடத்துனர் வந்து கதவைச் சாத்த வேண்டும் என்று சொன்ன பிறகுதான் விட்டார்.