பயத்துக்கு ஒரு குளிசை

பல் புடுங்கப் போய், புடுங்காமலே கழுத்தில் கட்டிய துண்டோடு ஓடி வந்தவன் நான். மருதனார்மடத்துப் பல் கிளினிக்கில் டொக்டர் ஊசியைக் கையில் எடுத்த நேரம், "ஒரு நிமிசம் பிள்ளை, மோட்டச்சைக்கிளைப் பூட்டினனானோ தெரியேல்லை" என்று எழும்பினேன். பூட்டாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று. சந்தையடியில் வாழைக்குலை விற்கிறவர் என்னைப் பார்த்து, "என்னண்ணை, சாப்பாட்டிலை இருந்து எழும்பி வந்திட்டியளோ?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். நீலக் கடதாசித் துண்டு ஒன்று நெஞ்சில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கோப்பாய் வீட்டுக்கு வந்து சேரும்வரை அதைக் கழற்றவில்லை. கழற்ற நின்றால் டொக்டர் பின்னால் வந்து பிடித்துவிடுவார் என்று ஒரு சந்தேகம்.

பல்லும் என்னோடேயே ஓடி வந்துவிட்டது. அதுதான் பிரச்சினை. கீழ்க் கடைவாய்ப் பல், வேரடியில் சீழ். கன்னம் பணியாரம் போல வீங்கியதும் மனைவி என்னைத் திரும்பவும் அங்கே இழுத்துப் போனாள். இந்த முறை கதிரையைக் கதவுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு இருந்தாள்.

"பயப்பிடுற ஆக்களுக்கு இப்ப வழியள் இருக்கு, அங்கிள்" என்றார் டொக்டர். முப்பது வயதுப் பெண். நல்ல பதமான குரல். பதமாகக் கதைக்கிறவர்களை நான் நம்புவதில்லை. காணித் தரகர்களும் இப்படித்தான் கதைப்பார்கள்.

"சிரிப்பு வாயு எண்டு ஒண்டு. மூக்கிலை மாஸ்க் போட்டு இழுக்கிறது. கெதியாத் தெளியும். ஆனா எங்களிட்டை இல்லை, கொழும்புக்குத்தான் போகவேணும்."

காசு வாங்காமல் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டு திரிகிற என்னை, சிரிப்பதற்காகக் கொழும்புக்கு அனுப்பப் பார்க்கிறார்.

"நாளத்திலை ஊசி போட்டு, அரை மயக்கத்திலை செய்யலாம். அதுக்கு மயக்க டொக்டர் பக்கத்திலை நிக்கவேணும். பெரிய ஆசுப்பத்திரியிலைதான் சரி."

ஊசிக்குப் பயந்து ஓடினவனுக்கு மருந்து, இன்னொரு ஊசி.

"முழு மயக்கம் தரமாட்டியளோ?"

"ஒரு பல்லுக்கு அது தேவையில்லை, அங்கிள்."

எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். என் பயத்துக்கு அந்தளவு மரியாதைகூட இல்லை.

"மிச்சம் குளிசை. இஞ்சை வந்து விழுங்கிப்போட்டுக் கொஞ்ச நேரம் இருந்தாப் பதட்டம் இறங்கும். விறைப்பூசி எப்பிடியும் போடத்தான் வேணும். குளிசை நோவுக்கில்லை, பயத்துக்கு. குடிக்கிறனீங்களோ?"

நான் வாயைத் திறக்க முன்னம் மனைவி "ஓம்" என்றாள்.

"அப்ப முதல்நாளும் அண்டைக்கும் ஒரு சொட்டும் தொடக்கூடாது."

"குளிசை போட்டா நித்திரையாப் போவனோ?"

"முழு நித்திரை இல்லை. கூப்பிட்டாக் கேக்கும், கேட்டாப் பதில் சொல்லுவியள். கனபேருக்குப் பிறகு ஒண்டும் ஞாபகம் இராது."

பிறகு அவர் சொன்னதெல்லாம் அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. அன்று முழுக்க வாகனம் ஓட்டக்கூடாது. முக்கியமான கையெழுத்து எதுவும் வைக்கக்கூடாது. பொறுப்பான ஒருவர் கூட்டி வந்து, பக்கத்தில் இருந்து, கூட்டிப் போகவேண்டும். நான் இன்னும் முந்திய இடத்திலேயே நின்றேன். கதைப்பேன். ஆனால் என்ன கதைத்தேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியும்.

"தம்பியிட்டைக் கார் இருக்கு" என்றாள் மனைவி.

"நீ வாவன்."

"எனக்கு அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குச் சோதனை வைக்கவேணும். அரை நித்திரையிலை உங்களை ஸ்கூட்டியிலை பின்னுக்கு ஏத்தி ஓடவும் என்னாலை ஏலாது."

அவளுடைய தம்பி, என் மச்சான், வெங்காயத் தோட்டக்காரன். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். அவனுக்கும் அரை மயக்கம்தான். பக்கத்தில் இருந்த பொறுப்பான ஆள் நான். தெளிந்து வரும்போது அவன் தாதியை வெங்காய வியாபாரி என்று நினைத்து, "உந்த விலைக்குத் தரேலாது பிள்ளை, வேணுமெண்டால் மூட்டையை அவிட்டுப் பார்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. சேலைன் பையைத் தூக்கி நிறை பார்த்ததும், டொக்டரிடம் விலைக்கழிவு கேட்டதும் நான் பிறகு பிறகு சேர்த்தவை. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் வீதி என்று அந்தக் கதையை நான் நடித்துக் காட்டாத இடம் குறைவு. மச்சானும் ஒரு ஓரமாய் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். சிரிக்கவும் மாட்டான், கோபிக்கவும் மாட்டான்.

ஊரில் எனக்கு இருக்கிற ஒரே பதவி பகிடிக்காரன் என்பது. அதுவும் போனால் நான் வெறும் வழுக்கைத்தலை. அந்தப் பதவியைக் கொண்டுபோய் மச்சானின் காதடியில் வைக்கச் சொல்கிறார்கள்.

குறித்த நாள் காலையில் கார் வந்து நின்றது. தோட்டத்துக்குச் சாரத்தோடு போகிறவன், மடிப்புக் கலையாத சேட்டுப் போட்டு வந்திருந்தான். போன் முழுதாய்ச் சார்ஜ் ஏறியிருந்தது. அது போதாதென்று சார்ஜரும் கொண்டு வந்திருந்தான்.

"உதென்னத்துக்கு?"

"சும்மா அத்தான், நேரம் போகும்தானே. பெல்ட்டைப் போடுங்கோ."

அவன் என்னிடம் இவ்வளவு மரியாதையாகக் கதைத்ததே இல்லை. கோப்பாய் தாண்டும் மட்டும் பொறுத்தேன்.

"மச்சான், நான் ஏதும் கதைச்சாக் காதிலை போடாதை, என்ன."

"நீங்கள் என்னத்தைக் கதைக்கப் போறியள், அத்தான்?"

"அதுதானே எனக்கும் தெரியாது."

"அப்ப பொறுத்துப் பாப்பம்."

மருதனார்மடத்துக் கோயிலில் ஆஞ்சநேயர் பனையளவு சிலையாய் எழுந்து நின்றார். வடைமாலை நேர்ந்தேன். நேர்ந்த பிறகுதான், அந்த வடையைக் கடிக்கவும் பல் வேண்டுமே என்று யோசனை வந்தது.

குளிசை மிகச் சின்னது. இவ்வளவு பெரிய பயத்துக்கு இதுவா என்று சந்தேகப்பட்டு, உண்மையான குளிசைதானா என்று கேட்டேன். டொக்டர் கோபிக்காமல் பெட்டியைக் காட்டினார். கோபிக்காதது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. விழுங்கிவிட்டுக் கதிரையில் சாய்ந்து, வாயை இறுக்கப் பூட்டிக்கொண்டேன். மயங்கப் போவதில்லை என்று முடிவெடுத்து, என்னை நானே சோதிப்பதற்காக யாழ்ப்பாணத்தில் இருந்து அச்சுவேலிக்குப் போகிற பஸ்ஸின் தரிப்பிடங்களை மனதுக்குள் சொல்லத் தொடங்கினேன். நல்லூர். கல்வியங்காடு. இருபாலை. கோப்பாய். ஒன்றும் செய்யவில்லை, குளிசை பொய் என்று நினைத்தேன். நீர்வேலி.

நீர்வேலி வரை நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பஸ் எங்கே போனது, யார் ஏறினது, யார் இறங்கினது, ஒன்றும் தெரியாது.

திரும்பி வந்தபோது வேறொரு அறை. வாய்க்குள் பஞ்சு. கீழ் உதடு யாரோ ஒருவருடையது. பக்கத்துக் கதிரையில் மச்சான். முதல் வேலையாக என் வலது பெருவிரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அவன் வளவும் எங்கள் வளவும் ஒரே வேலி. அந்த வேலி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதில் எங்களுக்குள் இரண்டு வரலாறு உண்டு. விரலில் மை இல்லை.

டொக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "நல்லா ஒத்துழைச்சியள் அங்கிள். பல் முழுசா வந்திட்டுது. இண்டைக்கு நாங்களும் நல்லாச் சிரிச்சம்."

எதற்கு என்று கேட்க வாயில் பஞ்சு விடவில்லை. பின்னால் நின்ற தாதி என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த கையுறைப் பெட்டிகளைத் திரும்பவும் அடுக்கினார்.

காரில் நான் "ம்ம்?" என்றேன்.

"கதைக்காதேங்கோ அத்தான். பஞ்சைக் கடிச்சுக்கொண்டு இருக்கச் சொன்னவ" என்றான் மச்சான். அவன் முகத்தில் சாமி கும்பிட்டு வந்தவனின் அமைதி.

பின்னேரம் விறைப்பு இறங்கியதும் வேலியடியில் நின்று கூப்பிட்டேன்.

"நான் என்ன மச்சான் கதைச்சனான்?"

"ஒண்டும் கதைக்கேல்லையே."

"அப்ப ஏன் அவையள் சிரிச்சவை?"

"சிரிச்சவையோ? நான் காணேல்லை, அத்தான்."

மனைவியை விட்டுக் கேட்டுப் பார்த்தேன். "அவன் எனக்கும் சொல்லுறானில்லை" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், முகத்தைக் காட்டவில்லை. அவன் சொன்ன ஒரு வசனத்துக்கு நான் இரண்டு சேர்த்தவன். அந்தக் கணக்கில் அவன் எனக்கு எத்தனை சேர்த்திருப்பான் என்று கட்டிலில் கிடந்து யோசித்தேன். நான் உண்மையிலேயே ஒன்றும் கதைக்காமலும் இருந்திருக்கலாம். அதை நம்பத்தான் மனம் வருகிறதில்லை.

கன்னத்து வீக்கம் வற்றி, முறுக்குக் கடிக்கிற நிலைக்கு வந்த பிறகு கரவெட்டியில் ஒரு செத்த வீடு. மனைவி வழியில் தூரத்துச் சொந்தம், நல்லாய் வாழ்ந்து முடித்த மனிதர். பிரேதம் எடுத்து முடிந்து, பந்தலுக்குள் பிளேன்ரீயோடு ஆண்கள் இருந்தோம். எனக்கு நேர் எதிரே மச்சான்.

"அண்ணை, உந்த வெங்காயக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன். இவர் கேக்கேல்லையாம்" என்று ஒரு பெடியன் தொடங்கினான். நாலைந்து கதிரைகள் என் பக்கம் இழுபட்டன. நான் தொண்டையைச் செருமினேன்.

"சொல்லுங்கோ அத்தான்" என்றான் மச்சான், தேநீரைக் கீழே வைத்துவிட்டு. "நீங்கள் சொல்லி முடியுங்கோ. பிறகு நானும் ஒண்டு சொல்லுறன்."

பந்தல் காத்திருந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் ஒன்றும் இல்லை. இருந்தால் எவ்வளவு நல்லது.

"இண்டைக்கு ஏலாது தம்பியவை" என்று இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். "பல்லுப் புடுங்கின இடம் இன்னும் கொதிக்குது."

"அந்தப் பக்கமில்லை, அத்தான்" என்றான் மச்சான். "மற்றப் பக்கம்."

பந்தலே சிரித்தது. நான்தான் கடைசியாய்ச் சிரித்தேன், சரியான கன்னத்தைப் பொத்திக்கொண்டு.