கோயம்புத்தூருக்கு இரண்டு லைன்

பொண்ணு அமெரிக்காவில் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "ஊருக்கு ஊர் ஒயர் இழுக்கிற வேலை" என்று சொல்லும்படி அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மா "கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாள். "நான் பேசறது கேக்குதா?" என்று தினமும் மீட்டிங்கைத் தொடங்கும் உங்களுக்காவது இந்த வேலையின் அருமை தெரியும் என்று நம்பி எழுதுகிறேன்.

பேசாதவளுக்கு வந்த பொறுப்பு

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிக் கட்டில்கள் செய்கிறது. தலைமை அலுவலகம் டெக்சஸில், காப்பெல்லில். இன்னும் ஐந்து நாடுகளில் கிளைகள். கட்டிலின் ஒவ்வொரு பாகத்துக்கும் படம் வரைகிற முப்பத்திரண்டு பேர் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். படங்கள் எல்லாம் காப்பெல் சர்வரில். நடுவில் இரண்டு ஊரையும் இணைக்கிற இன்டர்நெட் லைன் அறுந்தால் வரைந்த பாதி போயே போய்விடும். போன வருடம் அது அடிக்கடி நடந்தது. லைன் தருகிற கம்பெனியோடு ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் டைரக்டர், புது லைனும் இப்படியே இருந்தால் வரைபட வேலையை வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் புது லைனுக்குக் கம்பெனி பார்க்கிற வேலையை மேனேஜர் வெங்கட் என்னிடம் கொடுத்தார். மீட்டிங்கில் ம்யூட்டை எடுக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மீட்டிங்கே முடிந்துவிடும். எனக்கு எப்படி இது சரிப்படும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அதனாலதான் உன்கிட்ட குடுக்கறேன். சேல்ஸ்காரங்க மூச்சு விடாம பேசுவாங்க. நீ பாட்டுக்கு கேட்டுக்கிட்டே இரு, எங்கயாவது உளறிடுவாங்க."

மேகம்

எல்லாக் கம்பெனிகளும் ஒரே படத்தைத்தான் காட்டின. இடது பக்கம் காப்பெல், வலது பக்கம் கோயம்புத்தூர், நடுவில் வெள்ளையாக ஒரு மேகம். இடமிருந்து ஒரு கோடு மேகத்துக்குள் போகும், வலப்பக்கம் வெளியே வரும். ஏழாவது முறை அதே மேகத்தைப் பார்த்தபோது தைரியம் வந்தது. நியூ ஜெர்சியிலிருந்து பேசிய அந்த சேல்ஸ்காரர் தமிழர்தான் என்று பெயரிலேயே தெரிந்ததால் தமிழிலேயே கேட்டேன்: இந்த மேகத்துக்குள்ளே என்ன இருக்கிறது?

அவர் ஸ்லைடை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேடம், அது எங்க டெம்ப்ளேட்லயே அப்படித்தான் இருக்கு. உள்ள என்னன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல."

நாலு மணி நேரம்

லைன் நின்றால் நாலு மணி நேரத்துக்குள் "பதில் நடவடிக்கை" என்று எல்லா ஒப்பந்தங்களிலும் எழுதியிருந்தது. அதை நான் "சரிசெய்துவிடுவார்கள்" என்று புரிந்துகொண்டு, பெரிய டிக் போட்டு வைத்திருந்தேன். ஒரு சந்தேகத்துக்குக் கோயம்புத்தூர் வரைபடக் குழுவின் தலைவி கௌரியைக் கேட்டேன். பழைய கம்பெனியும் அதே வாக்குறுதிதான் கொடுத்திருந்ததாம். "நாலு மணி நேரத்துல போன் வருமுங்க மேடம், பொய் சொல்லக்கூடாது. எடுத்தா, 'உங்க லைன் கட் ஆயிருக்கா?'ன்னு நம்மளையே கேப்பாங்க."

டிக்கை அழித்தேன். அடுத்து பேசிய எல்லோரிடமும் சரிசெய்ய எவ்வளவு நேரம் என்று தனியாக எழுதி வாங்கினேன். எழுதித் தராதவர்கள் தாங்களாகவே விலகிப் போனார்கள். இரண்டு கம்பெனிகள் மிஞ்சின.

பழனிசாமியின் நடைப்பயணம்

ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்று இரண்டிடமும் ஆளுக்கொரு லைன் வாங்குவதாக முடிவானது. வெங்கட்டுக்கு மகிழ்ச்சி. டைரக்டருக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் அந்த மேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூர் அலுவலகத்தைப் பராமரிக்கிற பழனிசாமிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: சர்வே எடுக்க இரண்டு கம்பெனி ஆட்களும் வந்தார்களே, ஒயரை எந்த வழியாகக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள்?

பதில் எழுதுவார் என்று நினைத்தேன். வீடியோ கால் வந்தது. எனக்குக் காலை, அவருக்குச் சாயங்காலம். வாசலிலிருந்து தெருவில் இறங்கி, வண்டிகளுக்கு ஒதுங்கி, டீக்கடையில் யாருக்கோ கை காட்டி, முனைவரை நடந்தார். அங்கே ஒரு சிமெண்ட் மூடியருகில் குனிந்து நின்றார். "ரெண்டு கம்பெனிக்காரங்களும் இதத்தானுங்க காட்டுனாங்க. சட்டைதான் வேற வேற, குழி ஒண்ணுதான். இதுக்கு எதுக்குங்க மேடம் ரெண்டு லைனு?"

ம்யூட்

கையெழுத்துப் போடும் மீட்டிங் மறுநாள். முதலில் மீட்டிங் சாட்டில் எழுதிப் பார்த்தேன், யாரும் படிக்கவில்லை. டைரக்டர் பேனாவை எடுத்துவிட்டார். முப்பத்திரண்டு பேர் என்று ஒரு முறை மனதுக்குள் சொல்லிக்கொண்டு ம்யூட்டை எடுத்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. அந்தக் குழியில் ஒரு முறை கடப்பாரை விழுந்தால் இரண்டு லைனும் சேர்ந்தே போகும் என்றேன். முதல் நாள் பதிவு செய்து வைத்திருந்த பழனிசாமியின் நடையைத் திரையில் ஓட விட்டேன்.

டைரக்டர் பேனாவை மூடினார். முதல் லைன் மண்ணுக்குள் வரட்டும், இரண்டாவதை மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து ரேடியோவில் தருகிற கம்பெனியிடம் வாங்கலாம் என்று பத்தே நிமிடத்தில் முடிவானது. எழுந்து போகும்போது, வீடியோவில் நடந்தவர் எந்த கன்சல்டிங் கம்பெனி என்று டைரக்டர் ஆங்கிலத்தில் விசாரித்தார். வெங்கட் அவருக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டு பிறகு எனக்கு போன் செய்து தமிழில் சொன்னார்: "டீ, ஏசி ரிப்பேர், இப்ப நெட்வொர்க் டிசைன். மூணுக்கும் அவர்தான்னு சொல்லிட்டேன்."

சொல்லாமல் விட்டது

புது லைன்கள் வந்த இரண்டாவது மாதம், டைரக்டர் கோயம்புத்தூர்க் குழுவோடு ஒரு மணி நேரம் பேசினார். புதுக் கட்டிலின் படத்தைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் ஒரு இடத்திலும் சிக்கி நிற்கவில்லை. வேலையை மாற்றும் யோசனையைக் கைவிட்டதாக அவர்களிடமே சொன்னார். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. கால் முடிந்ததும் கௌரி எனக்குத் தனியாக போன் செய்தார். "மேடம், காலைல இருந்து மெயின் லைன் இல்லீங்க, எல்லாம் மொட்டை மாடிலதான் ஓடிச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா உடனே எல்லாருக்கும் ஸ்லோவாத் தெரிய ஆரம்பிச்சுரும்."

ஒரு லைனை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கிற பரிசு மீதி நாலு நாடுகளுக்கும் நீயே பார்த்துவிடு என்று ஒரு மெயில்தான் என்பதும், அதற்கு நான் ஒரே நிமிடத்தில் சரி என்று பதில் போட்டுவிட்டேன் என்பதும், இந்தத் தொழிலில் என்னை இனி யாரும் காப்பாற்ற முடியாது என்பதற்கு அடையாளம்.