இடது பக்கத்துக் குரல்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ‘டைப்பிஸ்ட் அக்கா’. பிறர் பேசியதைக் காதால் வாங்கி விரலால் எழுத்தாக்குவது அவள் தொழில். விசாரணை, பேட்டி, அலுவலகக் கூட்டம் என்று யார் யாரோ எங்கெங்கோ பேசியது பதிவாகி அவள் கணினிக்கு வந்து சேரும். “ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டே சம்பாதிக்கிற ஆளு” என்று அவள் கணவர் ஒரு காலத்தில் கேலி செய்வார். அது வீட்டில் பேச்சும் சிரிப்பும் இருந்த காலம்.

இந்தத் தொழிலில் ஒரு ஏற்பாடு உண்டு. கேள்வி கேட்பவருக்குத் தனி மைக், பதில் சொல்பவருக்குத் தனி மைக். கேட்பவர் குரல் இடது காதில் மட்டும் வரும், பதில் வலது காதில் மட்டும். இருவரும் ஒரே நேரத்தில் முட்டி மோதிக்கொண்டு பேசினாலும் யார் எதைச் சொன்னார் என்று பிரித்துவிடலாம். சண்டை போடுகிற இரண்டு பேரை ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்துக் கேட்கிற சௌகரியம்.

கொஞ்ச காலமாகக் கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். வாய்க்குள் கொழுக்கட்டையா என்று அவள் திட்டிக்கொண்டே அடித்தாள். ஒரு நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். “அக்கா, நீங்க அனுப்பினதுல கேள்விங்க பாதி விட்டுப்போயிருக்கு. பதில் மட்டும் அந்தரத்துல நிக்குது. உங்ககிட்டருந்து இப்படி வந்ததே இல்லையே. இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும்.”

காதுதான் சோறு போடுகிறது. பழிபோட ஒரு ஆள் மேசைமேலேயே தயாராக இருந்தது. பழைய ஹெட்போன். அதன் மெத்தை உரிந்து கருப்புத் தூளாக அவள் தோளில் உதிர்ந்துகொண்டிருந்தது. தோல் உரிந்தது உள்ளேயும் கெட்டுத்தானே இருக்கும்? அதன் இடது பக்கம் மங்கிவிட்டது என்று அவள் தீர்ப்பெழுதினாள்.

வீட்டில் வேறொரு வருத்தமும் இருந்தது. பஸ் பணிமனையில் எஞ்சின் பிரிக்கிற அவள் கணவர் ஒரு காலத்தில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவார். இப்போது சாப்பாட்டு மேசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். எப்போதாவது வாயைத் திறந்தால் கத்துகிறார். “எதுக்கு இப்படிக் கத்துறீங்க? இது என்ன பணிமனையா?” என்று அவள் சீறியதும் மறுபடி மௌனச்சாமியார் ஆகிவிடுவார். தங்கையிடம் போனில் அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். “பொழுதுக்கும் உக்காந்து அடிக்கிறேன்டி. கை வலிக்குதான்னு கேக்க இந்த வீட்டுல ஒரு நாதி இல்ல.”

ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போனாள். என்ன வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. காது முழுதும் உள்ளே அடங்க வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்பை அழுத்தக் கூடாது. மெத்தை உரிந்தால் மெத்தையை மட்டும் மாற்ற முடிய வேண்டும். வயர் வேண்டும். பாதி வாக்கியத்தில் சார்ஜ் தீர்ந்து உயிரை விடுகிற சரக்கு ஆகாது. விலை நடுத்தரம். மலிவு என்று வாங்கி ஆறாம் மாதம் அழவும் மாட்டாள், பெயருக்கென்று கொட்டிக் கொடுக்கவும் மாட்டாள்.

கடைக்காரர் தலை நரைத்த மனிதர், பொறுமைசாலி. முதலில் பளபளப்பான ஒன்றை எடுத்து வைத்தார். “பாட்டு கேட்டீங்கன்னா நெஞ்சு அதிரும், அக்கா.”

“நெஞ்சு அதிர்றதுக்கு வீட்டுலயே ஆள் இருக்கு. எனக்குப் பேச்சு தெளிவாக் கேக்கணும்.”

அவர் சிரித்துக்கொண்டே வேறு சிலவற்றைப் பரப்பினார். அவள் தன் போனில் வைத்திருந்த பழைய பதிவு ஒன்றை ஓட்டினாள். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவரை ஒரு பெண் பேட்டி காண்பது. அவள் முதன்முதலில் அடித்த வேலை அது. அந்தப் பெண்ணின் இருமல்கூட அவளுக்கு மனப்பாடம்.

முதலாவதில் ஓட்டுநர் கணீரென்று பேசினார். கேள்வி கேட்கும் பெண் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். “இதுல இடது பக்கம் சரியில்லைங்க.” இரண்டாவதிலும் அதே கதைதான். மூன்றாவது தலையில் பூப்போல உட்கார்ந்தது. கண்ணாடியை அழுத்தவில்லை, மெத்தை கழன்று வந்தது, விலையும் கைக்கு அடக்கம். வாங்கிவிடலாம் என்று மனம் துள்ளியது. ஆனால் இடது பக்கம்?

“இதுவும் அப்படித்தான் இருக்கு. என்னங்க சரக்கு வச்சிருக்கீங்க?”

கடைக்காரர் அதை வாங்கித் தன் தலையில் மாட்டிக் கேட்டார். முகத்தைச் சுளிக்காமல் திருப்பிக் கொடுத்தார். “மூணும் மூணு கம்பெனி, அக்கா. மூணு பேரும் கூடிப் பேசியா இடது பக்கத்தைக் கெடுத்தாங்க?”

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். முன்பின்னாகத் திருப்பி, இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாட்டிக்கொண்டாள். பதிவை முதலிலிருந்து ஓட்டினாள்.

கேள்வி கேட்கும் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த இருமல் தெளிவாகக் கேட்டது. ரயில் ஓட்டுநர் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை அவள் எத்தனை பேரைப் பார்த்துச் சொல்லியிருப்பாள்! பழைய ஹெட்போன் ஒரு பாவமும் அறியாதது. முணுமுணுத்ததாக அவள் திட்டிய அத்தனை பேரும் ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறார்கள். பயம் மெல்ல ஏறியது. ஒரு காது போனால் வேலை என்னாகும்? இது எப்போது தொடங்கியது? தெரிந்தவர்கள் யாருமே சொல்லவில்லையே? கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தபடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்காமல் இருந்ததற்காக அவரை அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

“இதையே கொடுங்க” என்றாள், மூன்றாவதைக் காட்டி.

“யோசிச்சு வாங்குங்க, அக்கா. அவசரமில்ல.”

“யோசிச்சுட்டேன். நல்ல சாமான். குறை அதுல இல்ல.”

கணினியில் இரண்டு குரலையும் ஒரே பக்கம் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. பிரித்துக் கேட்கிற சௌகரியம் போகும், வேலை மெதுவாகும், ஆனால் கேள்வி எதுவும் தப்பாது. காது டாக்டரைப் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தவளுக்கு, இறங்குகிற இடத்தில்தான் அது உறைத்தது. சாப்பாட்டு மேசையில் கணவர் உட்காருவது அவளுக்கு இடப்பக்கம். கல்யாணமான நாளிலிருந்து இடப்பக்கம்.

அன்று சாப்பிடும்போது அவள் தன் நாற்காலியை இழுத்து அவருக்கு மறுபுறம் போட்டுக்கொண்டாள்.

“என்ன, இடம் மாறிட்ட?”

“சும்மாதான்.”

அவர் சாப்பிட்டார். பாதி சாப்பாட்டில், தலை நிமிராமல், பதில் வராது என்று பழகிப்போனவரின் தணிந்த குரலில் சொன்னார்.

“கை வலி எப்படி இருக்கு?”

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “இதை எப்பலேர்ந்து கேக்குறீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தினமும்தான் கேக்குறேன். நீதான் பதிலே சொல்றதில்ல. சத்தமாக் கேட்டா கத்துறேன்னு சொல்ற. என் மேல ஏதோ கோபம்னு நினைச்சு சத்தமாக் கேக்குறத விட்டுட்டேன்.”

“கோபமா இருக்கேன்னு நினைச்சும் தினம் கேட்டீங்களா?”

“வலி இருக்கும்ல” என்றார் அவர்.

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. இடது காதைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும்தான். அதற்கு முன்னால் சொல்லவேண்டிய பதில் ஒன்று பாக்கி இருந்தது.

“வலிக்குதுங்க” என்றாள். “ரெண்டு கையும் ரொம்ப நாளா வலிக்குது.”