பதினைந்து மில்லிசீவெர்ட் மணப்பெண்

பொன்னேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். அப்போதுதான் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் ஊர் லைட்ஹவுஸ் குப்பம், மாப்பிள்ளை வீடு தோணிரேவு. நைனா மீன் பிடிப்பது கடலில், சம்பந்தி ஏரியில். எந்த மீன் ருசி என்பதைத் தவிர வேறு எதிலும் சண்டை வர வழியில்லை என்று நினைத்திருந்தோம்.

எக்ஸ்ரே வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். நம்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அதில் பதிவாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் அளந்து சொல்வார்கள். எனக்கு எப்போதும் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். அந்தத் தடவை பதினைந்து மில்லிசீவெர்ட் என்று கடிதம் வந்தது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு ஆளுக்கு வருஷம் முழுக்கச் சும்மா கிடைப்பதே இரண்டு, மூன்றுதான். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சென்டர் முதலாளியான டாக்டர் கூப்பிட்டார்.

"பதறாதம்மா, ஒன்றரை ரெம்தான்."

ரெம் பழைய கணக்கு. ஒரு ரெம் என்றால் பத்து மில்லிசீவெர்ட். இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவர் சொல்லிக் கேட்டபோது பாதி வியாதி போன மாதிரி இருந்தது.

"பேட்ஜை எங்க வெச்சிருந்த?"

"வீட்டுக்கு எடுத்துனு போனா தொலைச்சிடுவேன்னு மூணு மாசம் முன்னால உள்ளேயே மாட்டச் சொன்னீங்களே சார்."

நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு ஆளை நிறுத்தும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில்தான் மாட்டினேன். காலையில் கூட்டம் சேர்ந்துவிட்டால் எடுத்துக் குத்திக்கொள்ள மறந்துவிடுவேன், அது என் தப்பு. நான் தடுப்புச் சுவருக்குப் பின்னால் பத்திரமாக நிற்க, பேட்ஜ் மட்டும் மூன்று மாதம் ஊர் சனத்தோடு சேர்ந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறது.

"ஊழியரின் மறதின்னு எழுதிக் குடு. நான் மாட்டச் சொன்னதையெல்லாம் எதுக்கு எழுதணும்?" என்றார் டாக்டர்.

என் மறதி, அவர் சொன்னது இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அவர் மூஞ்சி ஒரு வாரம் சரியில்லை. எதற்கும் ரத்தத்தைச் சோதித்துவிடலாம் என்று பேட்ஜை அளக்கிறவர்களிடமிருந்து பதில் வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அம்மா யாரிடமும் சொல்லவில்லையாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு. மறுநாள் கடற்கரையில் மீன் காயப்போடும் பெண்கள், "கொஞ்சம் அப்பால நின்னுக்கோம்மா, கருவாடு கீது" என்றார்கள். அவர்கள் கணக்கில் மில்லியும் இல்லை, சீவெர்ட்டும் இல்லை. வெறும் பதினைந்து. உடம்பில் பதினைந்து இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவர், அன்றைக்கு நைனாவின் வலைக்குவியலைத் தாண்டிப்போய் உட்கார்ந்தார்.

"இன்னாமா இது, தொட்டா ஒட்டிக்குமா?"

"ஒட்டாது அத்தை. டார்ச் வெளிச்சம் மாதிரி அது. மிஷினை நிறுத்தினா தீர்ந்துச்சு. என் மேல படவே இல்ல, பேட்ஜ் மேலதான் பட்டுச்சு."

"பட்டிருந்தா?"

"பின்னால எப்பவாவது கேன்சர் வர்ற வாய்ப்பு துளி கூடும். துளிதான்."

துளி என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. "குழந்தை குட்டின்னு ஆனா?" என்று நைனாவைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. ரிசல்ட் வரட்டும், பிறகு தேதி பார்க்கலாம் என்று எழுந்துகொண்டார். அம்மா கொடுத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அன்றிரவு அழுதேன். மாப்பிள்ளையிடமிருந்து போனும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. என் ரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை. தகவல் சொன்னதும் அத்தையும் மாப்பிள்ளையும் பூ, பழத்தோடு வந்தார்கள். அத்தை இந்தத் தடவை என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நானும் சும்மா இல்லம்மா. நிச்சயத்தன்னிக்கு உன்கூட ஒரே தட்டுல சாப்பிட்டனே, எனக்கும் இன்னா ஆயிருக்குமோன்னு மெட்ராஸ் போய் வயிறு பூரா ஸ்கேன் எடுத்துட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டாங்க!"

பெருமையாக ரிப்போர்ட்டை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன்.

சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்தேன். ஒரு மாத அழுகை ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன்.

"அத்தை, இதுல ஒரு தடவைக்கு ஏழு, எட்டு மில்லிசீவெர்ட் போகும். பேட்ஜ்ல வந்ததுல பாதி. அது ஆணியில தொங்கின பேட்ஜ் மேல பட்டுச்சு, இது உங்க உடம்பு மேலயே பட்டிருக்கு."

அத்தையின் முகம் வெளுத்தது. வலைக்குவியல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தார். யாரிடமிருந்து நகர்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

மாப்பிள்ளை குலுங்கிச் சிரித்தார். "அப்ப பொண்ணு வூட்ல உன்னை வேணாம்னு சொல்லலாம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போன் பண்ணியிருக்கணும். பயந்துட்டேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் சம்மதித்தேன். பயப்படவேண்டியது இல்லை, தேவைக்கு எடுத்தால் நல்லதுதான் என்று அத்தையையும் தேற்றினேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அத்தை இப்போது தோணிரேவில் பாதி டாக்டர். யாருக்காவது முட்டியில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் போதும், "எத்தினி மில்லின்னு கேட்டியா?" என்று பிடித்துக்கொள்கிறார். பதில் என்ன வந்தாலும், "ரொம்ப ஜாஸ்தி" என்கிறார்.