பாழாய்ப்போன மூலை

நல்லரத்தினத்தின் கோழிகள் பதினேழும் ஒரே கிழமையில் கழிச்சலில் செத்தன. வாவிக்கரையில் குழி வெட்டிப் புதைத்தான். நோய் வருமுன் எடுத்து வைத்த முப்பத்தாறு முட்டைகள்தான் மிச்சம். அடை வைக்க ஒரு பேடுகூட இல்லை. இடது கை விளங்காமற்போய்த் தோணியை விட்டவனுக்கு, அந்தக் கோழிகள் இல்லையென்றால் காலையில் எழும்பவே காரணம் இல்லை.

மீனுக்கு ஐஸ் போட்ட, வெள்ளை நுரையாலான பழைய ரெஜிபோம் பெட்டியை எடுத்தான். இரண்டு பல்ப், ஒரு சின்ன ஃபேன், சிரட்டையில் தண்ணீர், காற்றுக்கு ஆறு ஓட்டை. நடுவில் சூடு முப்பத்தேழரை டிகிரியில் நின்றது. வாசல் பக்க மூலை முப்பத்தாறைத் தாண்டவில்லை. “பாழாப்போன மூலை” என்று ஏசி ஏசி, நாளுக்கு மூன்று தரம் முட்டைகளை இடம் மாற்றினான்.

“பெத்த புள்ளைக்கும் இப்பிடிக் காய்ச்சல் பாக்கல்ல நீங்க” என்றாள் மனைவி கேதீஸ்வரி.

“அதுக்கு நீ இருந்தாய். இதுக்கு ஆரு இருக்கா?”

பத்தொன்பதாம் நாள் காலை முட்டைகளுக்குள் கீச்சுச் சத்தம். அவளையும் கூப்பிட்டுக் காது வைக்கச் சொன்னான். பத்து மணிக்குக் கரண்ட் போனது. வெளியே கச்சான் காற்று நெருப்பாய் அடித்தது. வெக்கை நாளில் மீன்பெட்டியை எப்படி மூடுவானோ, கை தானாக அப்படியே செய்தது. ஆறு ஓட்டையிலும் டேப், மேலே நனைத்த சாக்கு.

“இஞ்சாருங்க, மூச்சுப் போற ஓட்டையையும் அடைக்கிறீங்களா?”

“வெளி வெக்கை உள்ள போனா வெந்திரும் புள்ள. முப்பது வருசம் மீன் வெச்ச பெட்டி, எனக்குச் சொல்லித் தாறியா?”

“அது செத்த மீன்தானே.”

அவள் சொன்னது அவனுக்குக் கேட்டது. ஆனாலும் திறக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் சாக்கைத் தூக்கி மூடியை விலக்கினான். நாற்பத்தொன்றரை. பொரிக்கும் நேரம் குஞ்சுகளே சூடு விடும் என்பது அவனுக்குத் தெரியாது. சத்தம் எதுவும் இல்லை.

இருபத்தோராம் நாள், அந்தப் பாழாய்ப்போன மூலையில் ஒரு முட்டை மட்டும் உடைந்தது. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் ஒற்றைக் கையால் உடைத்தான். இறகும் சொண்டும் முழுசாக, முப்பத்தைந்து. பழைய குழிக்குப் பக்கத்திலேயே புதைத்தான்.

கேதீஸ்வரி குஞ்சைச் சேலைத்தலைப்பில் பொத்தி வைத்திருந்தாள். “பேடோ, சேவலோ?”

“எதெண்டாலும் தனியத்தானே. என்னத்தப் பெருகும்?”

அவன் குஞ்சைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, ஓட்டைகளில் அப்படியே கிடந்த டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தான். ஆறாவது ஓட்டையில் டேப்போடு ஒரு துண்டு ரெஜிபோமும் பிய்ந்து வாய்க்குள் வந்தது.