பட்டு மாமியின் இரண்டு காலண்டர்

முகம் துடைத்த துண்டு தோளில் கிடக்க, பட்டு மாமி சமையலறை வாசலில் நின்று சுவரைப் படிப்பாள். ஒரே ஆணியில் இரண்டு காலண்டர். முன்னால் மராட்டிக் காலண்டர். அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால் பின்னால் தமிழ்த் தினசரி. இரண்டையும் பார்த்து முடித்துவிட்டு, கூடத்தில் பேப்பர் படிக்கும் கணவருக்கு அறிவிப்பாள்.

"ஏன்னா, இன்னிக்கு ரெண்டுலயும் ஒண்ணும் இல்லை. வெறும் நாள்."

குரலில் லேசாக ஏமாற்றம் இருக்கும்.

விஷ்ராந்த்வாடியில், ஆளந்தி ரோட்டை ஒட்டிய அந்த இரண்டாம் மாடி வீட்டில் வெறும் நாள் அபூர்வம். கல்யாணமாகி வந்தபோதே ஏகாதசி, பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை எல்லாவற்றையும் மாயவரத்திலிருந்து பாத்திரம் பண்டத்தோடு கட்டிக்கொண்டு வந்தவள் அவள். பிறகு மாடிப்படியில் பழக்கமான மராட்டிப் பெண்களிடமிருந்து சங்கஷ்டி சதுர்த்தி, வியாழக்கிழமை தத்தர் உபவாசம், சிராவண மாதத் திங்கள், நவராத்திரி முழுவதும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டாள். பிடித்ததை விட்டதில்லை. ஏகாதசி மட்டும் இரண்டு காலண்டரிலும் சேர்ந்தே வரும். "ரெண்டு ஊர் சாமிக்கும் ஒரே பட்டினி. லாபம்தானே," என்பாள்.

பட்டினி என்பதை அப்படியே நம்ப வேண்டாம். அரிசியும் கோதுமையும்தான் கிடையாது. ஜவ்வரிசியை ஊறவைத்து, நெய்யில் சீரகம் தாளித்து, வேர்க்கடலைப் பொடி தூவி, மணக்க மணக்கக் கிச்சடி கிளறுவாள். உருளைக்கிழங்கு வறுவல் ஒரு டப்பா தனியாக இருக்கும். சாதா உப்பு கூடாது, இந்துப்பு போடலாம். போடலாம் என்றதைத் தாராளமாகவே போடுவாள். "இந்துப்பெல்லாம் உப்புல சேத்தி இல்லை."

அவள் தொழில் புடவைக்கு ஃபால் தைப்பதும் ஓரம் அடிப்பதும். கணவர் அனந்தராமன் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலேயே ஆரம்பித்தது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவள் பெறவில்லை. நூலைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவள் கெட்டிக்காரத்தனம். பிஸ்கட் டின்னில் கிடக்கும் நூல்கண்டுகளில் ஒன்றை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்து, புடவை மேல் ஒட்டிப் பால்கனிக்குக் கொண்டுபோவாள். "டியூப்லைட் பொய் சொல்லும். வெயில்கிட்ட கேட்டுடணும்." தைத்த இடத்தைத் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும், பார்த்தால் தெரியாது.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் வெயிலும் பொய் சொல்ல ஆரம்பித்தது. இரண்டு கண்ணிலும் புரை. கருநீலமும் கரும்பச்சையும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. விமான் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையிலிருந்த பார்கவி ஒரு பச்சைப் பட்டுப்புடவை கொடுத்திருந்தாள். அதன் கரை முழுக்கக் கருநீல நூல் ஓடிவிட்டது. பார்கவி நல்ல பெண். "பரவால்ல மாமி, கீழே குனிஞ்சு யாரு பார்க்கப் போறா," என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். அப்புறம் வரவில்லை.

"திட்டிட்டுப் போயிருந்தா திரும்பி வந்திருப்பா," என்றாள் பட்டு மாமி.

அதற்கப்புறம் நிறம் சொல்லும் வேலை அனந்தராமனுக்கு வந்தது. "ஏன்னா, இது என்ன கலர்?" "மெரூன்." "இது?" "அதுவும் மெரூன்தான். கொஞ்சம் பச்சையா இருக்கு." கண் ஆபரேஷன் ஆகாவிட்டால் தையல் மெஷினை உறைபோட்டு மூட வேண்டியதுதான் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கண் ஆஸ்பத்திரியில் தேதி குறிக்கும்போது, "நானே நாள் பார்த்துச் சொல்றேன்," என்று எழுந்து வந்தாள். இரண்டு காலண்டரையும் கலந்து ஆஷாட ஏகாதசியைப் பிடித்தாள். போனாள். நர்ஸ் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். இந்த அழுத்தத்தோடு கண்ணைத் தொட்டால் உள்ளே ரத்தம் கசியலாம், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். இரண்டாம் தடவை அவள் தேர்ந்தெடுத்தது நவராத்திரி வெள்ளி. அன்றைக்கு எண் இன்னும் மேலே நின்றது. மறுபடியும் அதே ஆட்டோவில் வீடு.

ரத்த அழுத்தத்துக்கு அவள் சில வருஷங்களாகவே மாத்திரை சாப்பிடுகிறவள்தான். பக்கத்துத் தெருவில் டாக்டர் கானிட்கர் என்ற பெண்மணியிடம் வைத்தியம். இரண்டாம் தடவையும் திரும்பி வந்ததும், தினம் சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டார், தவறாமல் என்றாள். அப்படியென்றால் இந்த மாத்திரை போதவில்லை என்று டாக்டர் இன்னொன்றைச் சேர்த்தார். அதிலிருந்து சில காலைகளில் பட்டு மாமிக்கு எழுந்தால் தலை சுற்றியது. மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "இந்த மாத்திரை நமக்கு ஒத்துக்கலை," என்று தீர்ப்புச் சொல்லிக்கொள்வாள்.

கீழ் வீட்டு ஆரோக்கியமேரி கிறிஸ்துமஸ் புடவைக்கு ஃபால் வைக்கக் கொண்டு வந்தது அப்படி ஒரு காலையில்தான். தூத்துக்குடிக்காரி, ராணுவ ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் உள்ளே நுழையும்போது பட்டு மாமி உள்ளங்கையில் மாத்திரைகளைக் குவித்து வைத்துக்கொண்டு, மறு கையில் தண்ணீர் டம்ளரைத் தூக்கியிருந்தாள்.

"என்ன மாமி, பொரிகடலை மாதிரி அள்ளிப் போடுதீங்க?"

"நேத்திக்கு சங்கஷ்டி. மாத்திரை கிடையாது. விட்டதையும் சேர்த்துப் போட்டுண்டாதானே சரியாகும்?"

மேரி புடவையை நாற்காலியில் எறிந்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "விரதத்தன்னிக்கு மாத்திரையே கிடையாதா?"

"எப்படிப் போட்டுக்கறது? உள்ளே என்ன மாவு கலக்கறானோ, யார் கண்டா? சோளமாவுங்கறா. விரதத்தன்னிக்கு தானியம் வாயில படலாமோ? அதுவுமில்லாம உபவாசம் இருந்தா உடம்பே சுத்தமாயிடறது. பிரஷர் எங்கேர்ந்து வரும்?"

"அது எங்கயும் போவல மாமி. வலிச்சாத்தான உங்களுக்குத் தெரியும்? சத்தம் காட்டாம உள்ள உக்காந்திருக்கு. நிறுத்தி நிறுத்திப் போட்டா முன்னவிட எகிறும். மறுநாள் சேத்து அள்ளிப் போட்டா பொத்துன்னு இறங்கும். தலை சுத்துது, தலை சுத்துதுன்னு மெஷினைப் பிடிச்சுட்டு நின்னீங்கல்லா? இதுதான்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அனந்தராமன் குரல் வந்தது. "டாக்டர்கிட்ட தினமும்னு அடிச்சுச் சொன்னியே, அது என்ன கணக்கு?"

"தினமும்தான். விரத நாளை யார் அதுல சேர்ப்பா?"

"நல்ல கணக்கு."

மேரி விடவில்லை. "ஆபரேஷனுக்குப் போன ரெண்டு நாளும் என்ன நாளு?"

பட்டு மாமி காலண்டர் பக்கம் திரும்பினாள். ஆஷாட ஏகாதசிக்கு முன்னால் வியாழன், அதற்கு முன்னால் சஷ்டி. நவராத்திரியைச் சொல்லவே வேண்டாம். ஆரம்பித்த நாளிலிருந்தே மாத்திரை கிடையாது. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நல்ல நாள்தான் பார்த்தேன்," என்றாள், பாதிக் குரலில்.

"நல்ல நாளுதான். மாத்திரை இல்லாத நாளு."

பிறகு மேரி அவள் உள்ளங்கையிலிருந்து அன்றைக்கு உரியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பொறுக்கி எடுத்தாள். "விட்டது விட்டதுதான். அதைப் பிடிக்கப் போவாதீங்க. நாங்களும் தவக்காலத்துல ஒருசந்தி விரதம் பிடிக்கோம். மாத்திரைய விடுன்னு எந்தச் சாமியாரும் சொன்னதில்ல. சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். இப்ப எங்கிட்ட சொன்னத அங்கயும் சொல்லணும், ஒண்ணு விடாம."

சொன்னாள். பட்டு மாமியின் மராட்டி தமிழ் இழுப்போடு வரும். குற்றத்தை ஒப்புக்கொள்ள அது தோதான மொழியாக இல்லை. ஆனாலும் விட்டதையும் சேர்த்து விழுங்கியதையும் சொல்லி முடித்தாள். டாக்டர் கானிட்கர் கோபப்படவில்லை. தலையில் மட்டும் கை வைத்துக்கொண்டார். முதல் மாத்திரையே நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று தெரிந்திருந்தால் இரண்டாவதைச் சேர்த்தே இருக்க மாட்டேன் என்றார். அதை நிறுத்தினார். முதலாவதைத் தினமும் ஒரே வேளையில், என்ன திதியானாலும் சாப்பிட வேண்டும். வாரா வாரம் அழுத்தம் பார்க்க வேண்டும். தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஜவ்வரிசிக் கிச்சடியையும் விசாரித்து, இந்துப்பும் உப்புதான் என்று அதன் சலுகையைப் பறித்தார்.

"ஔஷதானே உபாஸ் மோடத் நாஹி, ஆஜி," என்றார் கடைசியில். மருந்தால் உபவாசம் முறியாது, பாட்டி. அவரும் சங்கஷ்டி இருக்கிறவர்தான்.

திரும்பி நடக்கும்போது பட்டு மாமிக்கு ஒரு சந்தேகம் மீதி இருந்தது. "அவா மராட்டி விரதத்துக்குச் சொல்லிட்டா. நம்ம சஷ்டி, கிருத்திகைக்கு யார் உத்தரவு கொடுக்கறது?"

மேரி நடுத்தெருவில் நின்று சிரித்தாள். அனந்தராமன் சிரிக்கவில்லை; இவளை அறிந்தவர். வீட்டுக்கு வந்ததும் வீட்டுப் புரோகிதர் கிருஷ்ணஸ்வாமி வாத்தியாருக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தார்.

"மருந்து விரதத்தை முறிக்காதுன்னு சாஸ்திரத்துலயே இருக்கு மாமி," என்றார் வாத்தியார். "நானே சர்க்கரை மாத்திரையைப் போட்டுண்டுதான் ஹோமத்துல உட்கார்றேன். நீங்க மயக்கம் போட்டு விழுந்தா எந்தச் சாமிக்கு சந்தோஷம்?"

"அதை முன்னாடியே சொல்லப்படாதா?"

"நீங்க கேட்கலையே மாமி."

அவள் விரதங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. வரிசைதான் மாறியது. இப்போது எழுந்து பல் தேய்த்ததும் மாத்திரை, அப்புறம்தான் காலண்டர். நாளுக்கு என்ன பெயர் என்று தெரிவதற்குள் மாத்திரை உள்ளே போயிருக்கும். அட்டை தீர்ந்துபோகும்வரை காத்திருப்பதில்லை, முன்னதாகவே வாங்கி வைத்துவிடுவாள். ஒரு தடவை மருந்துக் கடைக்காரன் வேறு பெயர் போட்ட அட்டையை நீட்டி, "எல்லாம் அதே மருந்துதான்," என்றபோது, "அதை கானிட்கர் டாக்டரம்மா சொல்லட்டும்," என்று கையில் வைத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தாள். அதே மருந்துதான். ஆனாலும் கேட்டாளே, அது பெரிய விஷயம்.

சனிக்கிழமைகளில் மேரி தன் பி.பி. கருவியோடு மாடியேறி வருவாள். காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, சற்று நேரம் சும்மா உட்கார வேண்டும். பட்டு மாமிக்கு அதுதான் கடினமான விரதம்.

"மேரி, உங்க புடவைக் கரை—"

"பேசாதீங்க மாமி. பேச்சு பூராவும் மீட்டர்ல ஏறுது."

முதல் சனிக்கிழமை மேரி உதட்டைப் பிதுக்கினாள். அடுத்ததில் பிதுக்கவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, கருவியைச் சுருட்டிக்கொண்டே, "இனி நீங்க நாள் பாக்கலாம்," என்றாள். காலை நேரத்துத் தலைசுற்றல் எப்போது நின்றது என்று பட்டு மாமிக்கே நினைவில்லை.

பார்த்தாள். தை மாதத்து ஏகாதசி.

"மறுபடியுமா?" என்றார் அனந்தராமன்.

"நாள் மேல தப்பில்லைன்னு ரெண்டு ஊர்க்காராளும் சொல்லியாச்சு."

முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் ஒரு பெண், காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், வாயில் எதுவும் படக் கூடாது என்றாள். வெறும் வயிறு பட்டு மாமிக்குப் புதிதில்லை. பி.பி. மாத்திரை சாப்பிடலாமா என்று ஹிந்தியில் கேட்டாள். எதுவும் என்றால் எதுவும்தான் என்றாள் அந்தப் பெண். "நீ சொன்னா போறாது. டாக்டரைக் கேட்டுச் சொல்லு. நான் போனை வெக்கலை," என்று ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். கடைசியில் டாக்டரே வந்தார். ஒரு வாய் தண்ணீரோடு மாத்திரையைக் கண்டிப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அதே அறை, அதே ஸ்டூல். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றினாள். அனந்தராமன் நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேரி கதவோரம் நின்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். பட்டு மாமி காலை ஊன்றி, முதுகைச் சாய்த்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். காற்று சீறிக்கொண்டு இறங்கியது. நர்ஸ் எண்ணை எழுதிவிட்டு, யாரையும் கூப்பிடாமல் பட்டையை அவிழ்த்தாள்.

"டீக் ஆஹே. சலா ஆஜி." சரியாக இருக்கிறது, வாங்க பாட்டி.

எத்தனை என்று கேட்க அனந்தராமன் வாயைத் திறந்தார். பட்டு மாமியின் இரண்டு கைகளும் அதற்குள் மூக்குக்குப் போயிருந்தன. ஆபரேஷனுக்காக நகையைக் கழற்றச் சொல்லி யாரும் இன்னும் சொல்லவில்லை. வருஷக்கணக்காகத் திறக்காத திருகு முரண்டு பிடித்தது. முகத்தைச் சுளித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதைத் திருகி எடுத்தாள். மூக்குத்தியைக் கணவரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள்.